‘ஒரு பாலம் வரும்’: மூத்த பைக்கர்களின் பேச்சும் ஆற்றுப்படையும்

நவீன இலக்கியம் படிக்கத் தொடங்கிய எவருக்கும் முதலில் ஒவ்வாமை வருவது அறிவுரை மீதுதான். ‘கதை உபதேசம் பண்ணுது’ என்று ஒருவர் சொல்லிவிட்டால் போதும், அந்தக் கதையை நாம் எடுத்துக்கூடப் பார்ப்பதில்லை. நியாயமான ஒவ்வாமைதான். பள்ளிக்கூடத்துச் சுவரில் தொடங்கி கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைச் சித்தப்பா வரைக்கும் நமக்குச் சொல்லப்பட்டதெல்லாம் அறிவுரைதானே. ஆனால் பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படைகள் என்பதை நாம் வசதியாக மறந்துவிடுகிறோம். அதாவது பாதிக்குப் பாதி, ‘இப்படிப் போ, அங்கே தங்கு, இதைப் பார்த்துக்கொள்’ என்று ஒருவர் இன்னொருவருக்கு வழி சொல்வது. அறிவுரையையே பெரும் கவிதையாக வைத்திருந்த மொழிதான் இது.

இந்தக் கட்டுரையில் நான் படிக்க எடுத்துக்கொள்ளும் பிரதி அச்சில் இல்லை. ஒரகடம் கூட்டுரோட்டைச் சுற்றி ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் டீக்கடை வாசல்களில் அது பேசப்படுகிறது. பேசுகிறவர்கள் ஐம்பத்தைந்திலிருந்து எழுபது வயதுக்குள் இருக்கும் பைக்கர்கள். துறைமுகம், வங்கி, ரயில்வே, லேத் பட்டறை என்று எங்கெங்கோ வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். சென்னையிலிருந்து கிளம்பி வண்டலூர் வழியாகவோ ஸ்ரீபெரும்புதூர் வழியாகவோ வந்து, இங்கே ஒரு டீ குடித்துவிட்டு, வாலாஜாபாத், காஞ்சிபுரம், திருவண்ணாமலை என்று போகிறவர்கள். இந்தப் பகுதியில் குடியிருக்கும் நான் அந்தப் பேச்சைப் பல வருடங்களாகக் கேட்டுவருகிறேன். வாய்மொழி வழக்காறு என்று பாட்டையும் ஒப்பாரியையும் தொகுக்கிறோம், இதையும் ஒரு வகைமையாகப் படித்துப் பார்த்தால் என்ன என்று தோன்றியது.

இலக்கணம்

ஒரு மாதிரி தருகிறேன். செங்கம் பக்கம் போக வழி கேட்ட ஒரு பையனுக்குச் சொல்லப்பட்டது, என் நினைவிலிருந்து:

“காஞ்சிவரம் டவுனுக்குள்ள மாட்டிக்காத தம்பி. செவிலிமேடு தாண்டினா பாலாத்துப் பாலம் வரும். ஆத்துல தண்ணி இருக்காது, ஆனா பாலத்து ஓரத்துல மணல் இருக்கும், நடுவுலயே போ. காத்து குறுக்க அடிக்கும், ஹேண்டில இறுக்கிப் புடிக்காத, லூசா வுடு. அப்புறம் மாங்கால் கூட்ரோடு வரும். அங்க ஒரு டீ. தை மாசம்னா வந்தவாசி ரோட்டுல நெல்லு காயப் போட்டிருப்பான். அது மேல பிரேக் புடிச்ச, முடிஞ்ச. ஆக்சிலேட்டர விட்டுட்டு நேரா போயிடு. சேத்துப்பட்டு தாண்டினா மலை தெரியும். அதுக்கப்புறம் எவன் கிட்டயும் வழி கேக்க வேணாம்.”

இதில் ‘நான்’ எங்கேயும் இல்லை. அவர் அந்த ரோட்டில் நூறு தடவையாவது போயிருப்பார். ஆனாலும் ‘நான் போனப்போ’ என்று ஒரு வாக்கியம்கூட வரவில்லை. எல்லாம் முன்னிலை, எல்லாம் எதிர்காலம். நம் நவீனப் பயண எழுத்தோடு இதை வைத்துப் பாருங்கள். அங்கே எல்லாம் தன்மை, எல்லாம் இறந்தகாலம்: நான் போனேன், பார்த்தேன், வியந்தேன். அங்கே நிலம் எழுதுகிறவரின் மனத்துக்குப் பின்னால் தொங்கும் திரை. இங்கே நிலம் கேட்கிறவனின் சக்கரத்துக்கு முன்னால் வரப்போகும் ஒன்று.

‘வரும்’ என்ற வினையைக் கவனிக்க வேண்டும். பாலம் எங்கும் வருவதில்லை, நாம்தான் போகிறோம். ஆனாலும் தமிழில் வழி சொல்லும்போது புளியமரம் வரும், கோயில் வரும், வேகத்தடை வரும். போகிறவனை அசையாமல் உட்கார வைத்துவிட்டு ஊரை அவனை நோக்கி நகர்த்துகிற வினை அது. பைக்கில் உட்கார்ந்தவனுக்கு உலகம் அப்படித்தான் இருக்கிறது. அவன் சீட்டில் இருக்கிறான், எல்லாம் வருகிறது. வருவதற்குத் தயாராக இருப்பது ஒன்றே அவன் வேலை.

ஆற்றுப்படையின் இலக்கணமும் இதேதான். பரிசு பெற்றுத் திரும்பும் பாணன், பசியோடு எதிரே வரும் பாணனைப் பார்க்கிறான். தான் போன கதையைச் சொல்லாமல், இவன் போகப்போகும் வழியைச் சொல்கிறான். ‘பெறுகுவிர்’ என்கிற மாதிரி எதிர்கால முன்னிலை வினைகளால் அந்தப் பாட்டுகள் நகர்கின்றன. எயினர் குடியிருப்பில் உனக்கு இது கிடைக்கும், ஆயர் வீட்டில் அது கிடைக்கும், வலைஞர் வீட்டில் இன்னொன்று. சொல்கிறவனின் தகுதி ஒன்றே ஒன்று: அவன் போய்விட்டுத் திரும்பியவன். அந்தத் தகுதியை அவன் பெருமையாக நீட்டுவதில்லை, வழியின் நுணுக்கத்தில் அது தெரிந்துவிடுகிறது. நெல்லின் மேல் பிரேக் பிடிக்கக் கூடாது என்று தெரிந்தவர் ஒரு நாள் பிடித்திருப்பார் என்று நமக்குத் தெரிகிறதல்லவா, அப்படி.

‘ஒருத்தன்’ யார்?

பெரியவர்களின் பேச்சில் ‘நான்’ அறவே இல்லை என்று சொல்ல முடியாது. அது வேறொரு வேஷத்தில் வருகிறது. “ஒருத்தன் இப்படித்தான், ஆம்பூர்கிட்ட ராத்திரி பத்து மணிக்கு, இன்னும் முப்பது கிலோமீட்டர்தானேன்னு போனான்.” “ஒருத்தன் புதுசா பெய்ஞ்ச மழையில வளைவுல சாச்சான்.” இந்த ‘ஒருத்தன்’ எல்லாப் பேச்சிலும் உண்டு. விழுகிறவன் அவன்தான். சொல்பவரின் வலது முழங்காலில் தழும்பு இருக்கும், டீ கிளாஸை இடது கையால்தான் எடுப்பார். சுற்றி இருக்கும் அனைவருக்கும் தெரியும். யாரும் ‘நீங்கதானேண்ணா அது?’ என்று கேட்பதில்லை.

சிறுகதையில் படர்க்கைக் கூற்று எதற்கு என்று நாம் பக்கம் பக்கமாக விவாதித்திருக்கிறோம். இங்கே அதன் பயன் அப்பட்டமாக இருக்கிறது. விழுந்தது நான் என்று சொன்னால் கேட்கிறவனின் கவனம் என் வலிக்குப் போய்விடும், அவன் எனக்காக ‘ஐயோ’ என்பான். ‘ஒருத்தன்’ என்று சொன்னால் அந்த இடம் காலியாக இருக்கிறது. கேட்கிறவன் தன்னை அங்கே வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். அனுதாபத்தைத் தியாகம் செய்து எச்சரிக்கையை வாங்குகிற உத்தி இது. எந்தப் பட்டறையிலும் யாரும் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்ததில்லை.

விளம்பரமும் வழியும்

பத்துப்பாட்டின் ஆற்றுப்படைகளில் இரண்டை இந்த வட்டாரத்தோடு சேர்த்துப் படிக்கலாம். பெரும்பாணாற்றுப்படையின் வழி, தொண்டைமான் இளந்திரையனின் கச்சிக்கு, அதாவது இங்கிருந்து ஒரு மணி நேரத்தில் போய்விடும் காஞ்சிபுரத்துக்குப் போகிறது. மலைபடுகடாம் நன்னனின் செங்கண்மாவுக்குப் போகிறது. இன்றைய செங்கம்தான் அது என்பார்கள். அந்தப் பையன் வழி கேட்டது இதே செங்கத்துக்குத்தான்.

இரண்டும் வழியை ஒரே மாதிரிச் சொல்வதில்லை. பெரும்பாணில், திரையனின் நாட்டில் வழிப்பறி கிடையாது, இடி முழங்காது, பாம்பு தீண்டாது, காட்டு மிருகம் துன்பம் செய்யாது. களைத்த இடத்தில் இளைப்பாறலாம், பிடித்த இடத்தில் தங்கலாம். மிளகு மூட்டை சுமந்த கழுதைகள் போகும் பெருவழியில் சுங்கம் உண்டு, வில்லோடு காவலும் உண்டு. (இன்றைய தேசிய நெடுஞ்சாலையில் இரு சக்கர வண்டிக்குச் சுங்கம் இல்லை. பெரியவர்கள் டோல்கேட்டின் ஓரச் சந்தில் நுழையும்போது முகத்தில் ஒரு சின்ன ராஜகளை வரும்.) மலைபடுகடாமோ அபாயங்களை ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்கிறது. பன்றிக்கு வைத்த பொறிகள் வழியில் மறைந்திருக்கும். பாம்பு இருக்கும் குழிகள் உண்டு. தினைப்புனத்தில் யானையை விரட்டக் கவணால் எறியும் கல் உன் மேல் பட்டுவிடலாம், மரத்தின் பின்னால் ஒதுங்கிப் போ. பாசி படிந்த இடம் வழுக்கும், பிடித்துக்கொண்டு நட.

பாதுகாப்பான வழி என்று சொல்வது அரசனுக்குப் புகழ். அபாயமான வழி என்று சொல்வது போகிறவனுக்கு உதவி. இன்றைய மோட்டார் சைக்கிள் விளம்பரம் பெரும்பாண் வகை. வளைந்து வளைந்து போகும் வெறிச்சோடிய மலைப்பாதை, எதிரே ஒரு லாரி இல்லை, ஒரு நாய் குறுக்கே வரவில்லை, ரோட்டில் நெல் காயவில்லை. பெரியவர்களின் பேச்சு மலைபடுகடாம் வகை. “கன்டெய்னர் லாரிக்கு எடது பக்கம் நிக்காத, அவனுக்கு நீ தெரிய மாட்ட. இண்டிகேட்டர நம்பாத, முன் சக்கரத்தப் பாரு, அது திரும்பினாத்தான் அவன் திரும்பறான்.” “பள்ளத்தையே பாத்துட்டுப் போனா பள்ளத்துலதான் வுடுவ. போற எடத்தப் பாரு.” “முதல் மழைக்கு ஓரங்கட்டி அரை மணி நேரம் நில்லு. ரோட்டுல இருக்கற ஆயிலெல்லாம் மேல வரும்.” கார் ஆலை, டயர் ஆலை, லாரி ஆலை, கண்ணாடி ஆலை என்று வரிசையாக நிற்கும் இந்தத் தடத்தில், கார்களை அடுக்கிக்கொண்டு போகும் டிரெய்லர்களுக்கு நடுவே, இது அலங்காரப் பேச்சு அல்ல.

சேம அச்சு

பழைய புல்லட்காரர் ஒருவர் வண்டியை உற்றுப் பார்த்தால் ஒன்று தெரியும். கிளட்ச் கேபிளின் பக்கத்திலேயே இன்னொரு கேபிள் ஓடும், டேப் சுற்றி. அது எதிலும் மாட்டப்பட்டிருக்காது. ஓடுகிற கேபிள் லிவர் முனையில் அறுந்துபோனால், இருட்டில் டேங்க்கைக் கழற்றிக்கொண்டு நிற்காமல், பக்கத்துக் கேபிளின் இரண்டு முனையையும் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடலாம்.

புறநானூற்றின் 102ஆம் பாட்டில் ஔவையார், அதியமானின் மகன் பொகுட்டெழினியை உப்பு வணிகரின் வண்டியில் கட்டியிருக்கும் சேம அச்சுக்கு ஒப்பிடுகிறார். மாடுகள் இளையவை, பாரம் அதிகம், வழி மேடும் பள்ளமும், என்ன ஆகும் என்று யாருக்குத் தெரியும் என்று உமணர்கள் வண்டிக்கு அடியில் இன்னொரு அச்சைக் கட்டிக்கொள்வார்கள். தலைவனைச் சிங்கம், சூரியன் என்று சொல்லாமல், அறுந்தால் மாட்டிக்கொள்ளும் உபரி பாகம் என்கிறாள் ஔவை. இந்தப் பெரியவர்களைப் பற்றி நான் யோசிக்கும்போதெல்லாம் அந்த உவமைதான் வருகிறது. வண்டியை அவர்கள் ஓட்டவில்லை, உடைந்தால் உதவ அடியில் கட்டப்பட்டிருக்கிறார்கள். குழுவாகப் போகும்போதும் அனுபவம் அதிகமானவர் முன்னால் போவதில்லை, டூல்ஸ் பையோடு கடைசியில் வருவார்.

ராபர்ட் பிர்சிக்கின் புகழ்பெற்ற நாவலில் (1974) ஒரு இடம் உண்டு. நண்பனின் பிஎம்டபிள்யூவில் ஹேண்டில்பார் நழுவுகிறது. பீர் டின்னின் தகட்டை வெட்டிச் செருகினால் சரியாகிவிடும் என்கிறார் கதைசொல்லி. நண்பனுக்கு அது அவமானமாகிவிடுகிறது. அதிலிருந்து பிர்சிக் பெரிய தத்துவக் கட்டடத்தையே எழுப்புகிறார். நம் ஆட்கள் காண்டாக்ட் பாயிண்ட் எப்போது திறக்கிறது என்று பார்க்க சிகரெட் பேப்பரை இடையில் செருகுவார்கள். பேப்பர் நழுவும் கணம்தான் டைமிங். அதோடு சரி, தத்துவம் கிடையாது. ‘இதுல வாழ்க்கையே இருக்குண்ணா’ என்று நம்மைப் போன்ற யாராவது ஆரம்பித்தால், “டீ ஆறுது பாரு” என்பார்கள். பொருளிலிருந்து கருத்துக்குத் தாவ மறுப்பது ஒரு அழகியல் நிலைப்பாடு என்றே நான் நினைக்கிறேன்.

எங்கே இந்தப் பேச்சு கெட்டுப்போகிறது

விமர்சனம் என்றால் பாராட்டி முடிப்பதில்லை. இந்தப் பேச்சில் கணிசமான பகுதி வெறும் சவடால். ‘அந்தக் காலத்து இரும்பு மாதிரி வருமா’, ‘இப்ப வர்றதெல்லாம் பிளாஸ்டிக்’, ‘கிக் அடிக்கத் தெரியாதவன்லாம் புல்லட் ஓட்டறான்’. பெண் ஓட்டுநர் யாராவது வந்து நின்றால் பேச்சு ஒரு நொடி தடுமாறி, தேவைக்கு அதிகமான மரியாதையோடு அவரிடம் டயர் காற்றைப் பற்றி விளக்கும். அவர் அதை அவர்களைவிட நன்றாகத் தெரிந்துவைத்திருப்பார். சவடாலின் இலக்கணமும் உடனே பிடிபடுகிறது: ‘நான்’ வந்துவிடும், இறந்தகாலம் வந்துவிடும், ‘நீ’ காணாமல் போகும். ஆற்றுப்படை சுயசரிதையாகச் சரியும் இடம் அது.

இன்னொரு பிரச்சினை, அறிவுரைக்கு அடியில் இருக்கும் இயந்திரமே மாறிவிட்டது. பழைய காஸ்ட் அயர்ன் புல்லட்டைக் கிளப்புவது ஒரு சடங்கு. டீகம்ப்ரஷர் லிவரைப் பிடித்து, கிக்கரை மெதுவாக அழுத்தி, ஆம்பியர் மீட்டர் முள் நடுவுக்கு வரும் இடத்தில் நிறுத்தி, லிவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, முழுசாக ஒரே மிதி. தப்பினால் கிக்கர் திருப்பி அடிக்கும். கியர் வலது காலில், பிரேக் இடது காலில். இப்போது பாயிண்ட் இல்லை, கார்புரேட்டர் இல்லை, பல வண்டிகளில் கிக்கரே இல்லை. 2020 ஏப்ரலில் பி.எஸ்-6 வந்தபின் கோளாறைக் கண்டுபிடிப்பது லேப்டாப்பின் வேலை. சிகரெட் பேப்பரை எங்கே செருகுவது?

ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த இராமானுஜர், மந்திரப்பொருள் கேட்டுத் திருக்கோட்டியூருக்குப் பதினெட்டு முறை நடந்தார், கிடைத்ததும் கோபுரத்தில் ஏறி ஊருக்கே சொன்னார் என்பது குருபரம்பரைக் கதை. நம் பெரியவர்களில் இரண்டு ரகமும் உண்டு. பதினெட்டு ஞாயிற்றுக்கிழமை நடக்கவிட்டுத்தான் டேப்பட் அட்ஜஸ்ட்மென்ட் சொல்லித்தருவேன் என்கிறவர்கள் ஒரு ரகம். அவர்களின் ரகசியத்துக்கு இன்று மதிப்பு இல்லை. கூவிச் சொன்னவர்களின் பேச்சு மட்டும் பிழைத்திருக்கிறது. ஏனென்றால் அது இயந்திரத்தைப் பற்றியது அல்ல, உடம்பையும் ரோட்டையும் பற்றியது. தாகம் எடுக்கும் முன் தண்ணீர் குடி. பொழுது சாய்வதற்குள் தங்கும் இடத்துக்குப் போய்விடு. கூட்டத்தில் மெதுவாக ஓட்டுகிறவனின் வேகம்தான் எல்லோருடைய வேகமும். எந்த மென்பொருள் வந்தாலும் இவை மாறப்போவதில்லை.

யாருக்குச் சொல்வது

எனக்கு முக்கியமாகப் படுவது இனிதான். மேலே சொன்ன ஒப்பீட்டில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. ஆற்றுப்படையில் வழி கேட்பவன் பசித்தவன், அவன் பயணம் வயிற்றுக்கானது. டூரிங் போகிறவரின் பயணம் விருப்பத்துக்கானது. இரண்டு லட்சத்துக்கு மேல் போட்டு வண்டி வாங்கியவனுக்கு வழி சொல்வதை ஆற்றுப்படை என்றால் பாணர்கள் சிரிப்பார்கள்.

ராயல் என்ஃபீல்டின் இந்தியக் கதை 1955இல் திருவொற்றியூரில் தொடங்கியது. ஒரகடத்தில் 2013இல் ஆலை வந்தது, வல்லம் வடகாலில் 2017இல். யமஹாவின் ஆலையும் வல்லம் வடகாலில் இருக்கிறது. ‘திருவொற்றியூர் வண்டி’ என்று பெரியவர்கள் சொல்லும்போது அது ஒரு குலப்பெயர் போல ஒலிக்கும். ஆனால் செய்த கைகளைப் பற்றி அந்தப் பேச்சில் ஒன்றும் இருக்காது. 2018 செப்டம்பரில் இங்கே இந்த இரண்டு நிறுவனங்களின் தொழிலாளர்களும் வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள். டீக்கடையில் அந்த மாதமும் செயின் லூப் பற்றித்தான் பேசினார்கள். எந்த இயந்திரத்தைக் கொண்டாடுகிறோமோ அதைச் செய்கிறவன் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து வடை சாப்பிடுகிறான் என்பதைப் பார்க்காத பேச்சு, எவ்வளவு நுணுக்கமானதாக இருந்தாலும், ஒரு கண்ணில் குருடு.

ஆனால் சில சமயம் பார்க்கிறது. நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டு ஞாயிறு காலை நேரே ஊருக்குக் கிளம்பும் பையன்கள் உண்டு. திருவண்ணாமலை, விழுப்புரம், தர்மபுரி பக்கத்துப் பிள்ளைகள். டிரெய்னி, கான்ட்ராக்ட், ஏதோ ஒன்று. ஒரு நாள் லீவு. எட்டு மணி நேரம் நின்று வேலை பார்த்த உடம்போடு நூறு சொச்சம் கிலோமீட்டர், அதுவும் நண்பனிடம் இரவல் வாங்கிய நூறு சிசி வண்டியில். அவன் யாரிடமும் வழி கேட்கவில்லை, வழி அவனுக்குத் தெரியும். அவன் கண்ணைப் பார்த்து, டூரிங் ஜாக்கெட் போட்ட பெரியவர் ஒருவர் கேட்பார்: “நைட்டு டூட்டியா கண்ணு?”

“ஆமாண்ணா.”

“எதுவரைக்கும்?”

“போளூர்ணா.”

“ரெண்டு மணி நேரம் படுத்துட்டுப் போ. வெயில் ஏறினாலும் பரவால்ல. ஒருத்தன் இப்படித்தான் போனான். கண்ண மூடல, தொறந்துட்டுதான் தூங்கினான்.”

‘ஒருத்தன்’ இங்கேயும் வந்துவிட்டான் பாருங்கள். பன்றிப் பொறியும் வழுக்குப் பாசியும் இந்த இடத்தில் தூக்கம் என்ற ஒற்றைச் சொல்லாக மாறிவிடுகின்றன. கேட்பவனுக்கு வேறு வழி இல்லை, அவனுக்கு இருப்பது ஒரு நாள்தான். ரெண்டு மணி நேரம் தூங்கினால் அம்மாவோடு இருக்கும் நேரத்தில் ரெண்டு மணி நேரம் போய்விடும். அந்தக் கணக்கு தெரிந்தும் சொல்வதுதான் இந்த அறிவுரையின் கனம். ஓய்வு பெற்றவரின் பொழுதுபோக்குப் பேச்சு அந்த ஒரு கணத்தில் உண்மையான ஆற்றுப்படை ஆகிவிடுகிறது. கேட்கிறவனுக்கு அது தேவை, சொல்கிறவருக்கு அதனால் ஆவது ஒன்றுமில்லை.

இளம் எழுத்தாளர்களுக்கு நான் இதையே சொல்வேன் (ஆமாம், அறிவுரைதான்). பயணம் பற்றி எழுதும்போது ஒரு பக்கமாவது ‘நீ’ என்று எழுதிப் பாருங்கள். உங்களுக்குப் பின்னால் அதே வழியில் வரப்போகிறவன் யார், அவன் எந்த வண்டியில் வருகிறான், தூங்கினானா என்று யோசித்து எழுதுங்கள். பாதி வர்ணனை தானாகவே உதிர்ந்துவிடும், மிஞ்சுவது பாலத்து ஓரத்து மணலாக இருக்கும்.

ஆற்றுப்படைகளில் எனக்கு எப்போதும் ஒரு குறை உண்டு. வழி கேட்டுப் போன பாணன் போய்ச் சேர்ந்தானா என்று எந்தப் பாட்டும் சொல்வதில்லை. சொன்னவனுக்கும் தெரிந்திருக்காது, எதிரெதிர்த் திசையில் நடந்தவர்கள். டீக்கடைப் பேச்சு இந்த ஒரு விஷயத்தில் சங்கப் பாட்டைத் தாண்டிவிட்டது. எல்லாம் சொல்லி முடித்து, ஹெல்மெட் வாரைத் தானே இழுத்துப் பார்த்துவிட்டு, பெரியவர் கடைசியாக ஒன்று சொல்வார்: “போய்ச் சேந்ததும் ஒரு போன் போடு.” நம்பர் வாங்காமல் சொன்னால் அது சம்பிரதாயம். அவர் நம்பர் வாங்கிக்கொள்வார்.